வலிப்பு: மறைத்து வாழும் நிலை மாற வேண்டும்



வலிப்பு என்ற சொல்லை நம்முடைய லயங்களில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. "அந்தப் புள்ளைக்கு அது இருக்கு" என்பார்கள். "அது" என்றால் எது என்று எல்லோருக்கும் விளங்கும். சம்பளத்தைப் பற்றியும் வீட்டுக் காணியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதும் நாமும் இந்த "அது" பற்றி வாய் திறந்ததில்லை. இந்த இதழில் திறக்கிறோம்.

முதலில் என்னுடைய பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு, நான் படிப்பிக்கும் வகுப்பில் ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கரும்பலகைக்கு முன்னால் விழுந்து இழுத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மேசை லாச்சியில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து அதன் கையில் திணித்தேன். இன்னொரு ஆசிரியர் பல்லுக்கு இடையில் கரண்டி வைத்தார். பெரிய பையன்கள் இரண்டு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்தார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள்தான் நாங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் இழுப்பு தானாகவே நின்றது. பெயர் என்னவோ சாவிக்குப் போனது. கரண்டியால் பிள்ளையின் உதடு கிழிந்து இரத்தம் வந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அன்று பின்னேரம் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். தாய்க்கு ஆச்சரியமே இல்லை. மூன்று வருடமாக இருக்கிறதாம். பாடசாலைக்குச் சொன்னால் சேர்க்கமாட்டார்கள் என்று பயந்து சொல்லவில்லையாம். திரும்பி வரும்போது அடுத்த காம்பராவில் இருக்கும் அக்கா ஒருவர் பீலி வரைக்கும் என் பின்னாலேயே வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சேர், எனக்கும் அது இருக்கு. வெளிய சொல்லிறாதீங்க. தொரைக்குத் தெரிஞ்சா மலையில இருந்து நிப்பாட்டிருவாங்க, பேரு போயிரும்."

பதினைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். பக்கத்து நிரையில் நிற்பவர்களுக்குக்கூட தெரியாது. வரப்போகிறது என்று உடம்பு சொல்லும்போது கூடையை இறக்கி வைத்துவிட்டு தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்துகொள்வாராம். சோம்பேறி என்று கங்காணி ஏசுவார். ஏச்சை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். ஏச்சால் பேர் போகாது அல்லவா?

இவரைப் போல நம் ஒவ்வொரு டிவிஷனிலும் சிலர் இருக்கிறார்கள். உலகம் முழுவதும் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் 100க்கு 80 பேர் அளவில் நம்மைப் போன்ற வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான் இருக்கிறார்கள். சரியாக நோயைக் கண்டுபிடித்து ஒழுங்காக மருந்து கொடுத்தால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்பதும் அதே நிறுவனம் சொன்னதுதான். இது பேயும் இல்லை, முனியும் இல்லை, தொட்டால் ஒட்டும் வியாதியும் இல்லை. மூளையில் ஓடும் மின்சாரம் கொஞ்ச நேரம் தாறுமாறாகிப் போவது. பிறக்கும்போது மூச்சுத் திணறிய பிள்ளைக்கு வரலாம், தலையில் அடிபட்டவருக்கு வரலாம், மூளைக் காய்ச்சல் வந்து போனவருக்கு வரலாம். பலருக்குக் காரணம் தெரியாமலும் வரும். கோடாங்கியிடம் போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க நான் இதை எழுதவில்லை. திருநீறு பூசுவதாக இருந்தால் பூசுங்கள். மாத்திரையையும் விழுங்குங்கள்.

மாத்திரை அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். அப்படியானால் நம்முடைய ஆட்கள் ஏன் இன்னும் விழுகிறார்கள்? ஒரு கிளினிக் நாளைப் பார்த்தாலே விளங்கும். மேல் டிவிஷனில் இருப்பவர் விடிய நாலரைக்கு எழும்ப வேண்டும். இருட்டில் ரோட்டுக்கு இறங்கி, முதல் பஸ்ஸைப் பிடித்து, டவுனில் இறங்கி இன்னொரு பஸ். நம்பர் துண்டு எடுத்து வாங்கில் உட்கார்ந்தால் பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்கள். டொக்டருக்கு முன்னால் இருக்கும் நேரம் நாலைந்து நிமிடம். "போன தடவைக்குப் பிறகு எத்தனை முறை வந்தது?" என்று சிங்களத்தில் கேட்பார். வலிப்பு வந்தவருக்கு அது ஞாபகம் இருக்காது. கண்டவர் வீட்டில் இருக்கிறார், அல்லது மலையில் நிற்கிறார். "வந்துச்சு" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, ஒரு மாதத்து மருந்தை வாங்கிக்கொண்டு இருட்டில் வீடு வந்து சேர வேண்டும். அன்றைய பேர் போச்சு, பஸ் காசும் போச்சு. அடுத்த மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல், அதற்கடுத்த மாதம் தீபாவளி முன்பணக் கடன். ஒரு கிளினிக் தவறும், மாத்திரை முடியும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிட மோசமாக, விட்டு விட்டு அடுக்கடுக்காக வரலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. 2022 இல் எண்ணெய் இல்லாமல் பஸ் நின்று, வைத்தியசாலைகளில் மருந்தும் தட்டுப்பாடாகிப் போனதை மறந்திருக்கமாட்டீர்கள்.

ஆனால் அதற்கு இரண்டு வருடம் முந்தி, 2020 இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது என்ன நடந்தது? கிளினிக் நோயாளிகளுக்கு மருந்தைத் தபாலில் வீட்டுக்கு அனுப்ப சுகாதார அமைச்சும் தபால் திணைக்களமும் சேர்ந்து ஏற்பாடு செய்தன. டொக்டர்மார் போனில் பேசி மருந்து எழுதினார்கள். நோயாளி எல்லா மாதமும் நேரில் வந்துதான் ஆக வேண்டும் என்ற சட்டம் எங்கும் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இன்றைக்கு உலகில் பல இடங்களில் வலிப்பு நோயாளிகளைத் தூரத்தில் இருந்தே கவனித்துக்கொள்கிறார்கள். கடிகாரம் போல கையில் கட்டும் கருவிகள் வந்திருக்கின்றன. உடம்பு இழுத்து உதறும்போது கருவி அதைப் பிடித்து வீட்டாரின் போனுக்குச் சத்தம் கொடுக்கும். படுக்கைக்கு அடியில் வைப்பதும் இருக்கிறது. நல்ல சாமான்தான். ஆனால் விலை நம் கைக்கு எட்டாது, தினமும் சார்ஜ் பண்ண வேண்டும், சிக்னல் வேண்டும். உதறல் இல்லாமல் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துவிட்டுப் போகும் வலிப்பை அநேகமாக அது பிடிக்காது. கை வேகமாக ஆடினாலும் சில நேரம் வலிப்பென்று எண்ணிக் கத்தும். கொழுந்து எடுக்கும் கைகளில் கட்டினால் என்ன பாடு படுமோ!

அந்தக் கடிகாரம் வரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. இப்போது கையில் இருக்கும் போனும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் போதும். இந்தியாவின் பஞ்சாபில், லுதியானாவில், தாதியரும் கிராமத்துச் சுகாதாரப் பெண் ஊழியர்களும் வலிப்பு நோயாளிகளின் வீடுகளுக்கே போய் மாத்திரையையும் நிலைமையையும் பார்த்து வந்தார்கள். வைத்தியசாலைக்கு மட்டும் வந்து போனவர்களைவிட, வீட்டில் பார்க்கப்பட்டவர்கள் மாத்திரையை ஒழுங்காக எடுத்தார்கள் என்று இரண்டு வருடம் பார்த்த பிறகு கண்டார்கள். டில்லியில் பெரிய அரசாங்க வைத்தியசாலை ஒன்றில், ஏற்கனவே கிளினிக்கில் இருந்தவர்களைப் போனில் விசாரித்தும் பார்த்தார்கள். நேரில் வந்தவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கொப்பியில் என்ன எழுதுவது? திகதி, நேரம், எவ்வளவு நேரம் இழுத்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், முதல் நாள் தூங்கினாரா, மாத்திரை தவறியதா, காய்ச்சலா, பெண்கள் என்றால் மாதவிலக்கு நாளா. குடி இருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். கசிப்பு குடித்துவிட்டு மாத்திரையைக் குறை சொல்லும் அண்ணன்மார் கொஞ்சப் பேர் நம்மிடம் உண்டு. எழுதத் தெரியாத வீட்டில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை எழுதிவிடும். டொக்டருக்கு அந்த ஒரு பக்கம் நாலைந்து நிமிடப் பேச்சைவிடப் பெறுமதி.

வலிப்பு வரும்போது ஒருவர் நோயாளியைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கலாம். முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும், நின்ற பிறகும் கொஞ்ச நேரம் எடுக்க வேண்டும். கண் திறந்திருந்ததா, எந்தப் பக்கம் முதலில் இழுத்தது என்பதையெல்லாம் பார்த்து, இது வலிப்பா, வெறும் மயக்கமா, எந்த வகை வலிப்பு என்று நிபுணர்கள் பிரித்துக்கொள்வார்கள். எடுத்த வீடியோ டொக்டருக்கு மட்டும். நோயாளி தெளிந்த பிறகு அவரிடம் கேட்டு, வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். வட்ஸ்அப் குழுவில் "பாவம்" என்று ஒரு சொல்லோடு போடுவதற்காக அல்ல. அப்படிப் போட்ட ஒன்றால் ஒரு பிள்ளையின் கல்யாணப் பேச்சு நின்றது எனக்குத் தெரியும்.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. தூரத்தில் இருந்து கண்காணிப்பது என்று சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள். கண்காணிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குக் கங்காணிதான் ஞாபகத்துக்கு வருவார், சொல்லும் ஒன்றுதான். நம்முடைய ஆட்கள் முதலில் கேட்கும் கேள்வி: பார்க்கிற கண் யாருடையது? நான் எழுதும் கொப்பியை யார் வாசிப்பது? தபாலில் வரும் மருந்துப் பொட்டலம் யார் கையில் வந்து சேரும்? நம்மில் பலருக்கு வீட்டுக்கென்று தனி முகவரி இல்லை, கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்குத்தான் வரும். மருந்துப் பொட்டலமும் அதே மேசைக்கு வந்தால், அந்தப் பீலிக்கரை அக்கா பதினைந்து வருடம் காப்பாற்றிய இரகசியம் ஒரே நாளில் மஸ்டருக்கு வந்துவிடும். பேர் போகும் என்ற பயம் இருக்கும் வரைக்கும் அவர் கொப்பி எழுதமாட்டார், போனில் கேட்டாலும் "இப்ப ஒன்னும் இல்லைங்க டொக்டர்" என்பார். மறைக்கப்படும் நோயை எந்தக் கருவியாலும் பார்க்க முடியாது. அதனால்தான் இதை வைத்தியர்களின் விஷயம் என்று விடாமல், தொழிற்சங்கத்தின் விஷயமாக எடுக்கிறோம்.

நிர்வாகத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "விழுந்து மண்டை உடைஞ்சா நாளைக்கு யார் பதில் சொல்றது?" கேள்வி சரிதான். பதில்தான் பிழை. நோய் இருப்பவரை வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்து குறைவதில்லை. அடுத்தவர் மறைப்பார், அவ்வளவுதான். மறைத்துக்கொண்டு ரோலருக்குப் பக்கத்தில் நிற்பவர், கவ்வாத்துக் கத்தியோடு சரிவில் தனியாக நிற்பவர்தான் உண்மையான ஆபத்தில் இருக்கிறார். அவர் பயமில்லாமல் சொல்லக்கூடியதாக இருந்தால் வேலையை மாற்றிக் கொடுக்கலாம். பெக்டரியில் மெஷினுக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் வேண்டாம், மருந்தடிக்கும் கூட்டத்தில் வேண்டாம், கற்பாறை விளிம்பில் உள்ள நிரை வேண்டாம், தனியாக எங்கும் வேண்டாம். சமதரை மலையில் கொழுந்து எடுக்கலாம், நர்சரியில் வேலை செய்யலாம். மருந்தால் நோய் அடங்கியவர்களுக்கு எது முடியும் என்பதை டொக்டர் சொல்லட்டும், ஊகம் வேண்டாம். மாற்றிய வேலைக்கும் அதே பேர், அதே சம்பளம். இதை எழுத்தில் கேட்கிறோம்.

கிளினிக் நாளை வராத நாளாக எழுதக்கூடாது என்றும் கேட்கிறோம். அதற்கு வைத்தியசாலையில் இருந்து கொண்டு வரும் துண்டில் "கிளினிக்குக்கு வந்தார்" என்று இருந்தால் போதும், நோயின் பெயர் தேவையில்லை. நீரிழிவுக்காரருக்கும் பிரஷர்காரருக்கும் இதே துண்டுதான். அப்போது யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. நோய் அடங்கி ஒரே மருந்தில் இருப்பவர்களுக்கு இரண்டு மாத மருந்தைக் கிட்ட உள்ள பிரதேச வைத்தியசாலையிலேயே கொடுக்கவும், நரம்பியல் நிபுணரைப் பார்க்க வேண்டியவர்களைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் அல்லது பிரதேச வைத்தியசாலையில் உட்கார வைத்து வீடியோவில் பேச வைக்கவும் சுகாதார அதிகாரிகளிடம் கேட்போம். அந்தப் பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, தோட்டத்து வைத்தியம் அரசாங்கத்தின் பொறுப்பா, கம்பனியின் பொறுப்பா என்ற இழுபறியில் எத்தனையோ காரியம் நின்றிருக்கிறது. இதுவும் அப்படி நிற்க விடக்கூடாது. போன் எடுக்க எந்தக் கம்பனியின் அனுமதியும் தேவையில்லை.

தூரத்தில் டொக்டர் இருந்தால் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். வலிப்பு உள்ள ஒவ்வொருவரும் தாம் நம்பும் இரண்டு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லுங்கள், லயத்தில் ஒருவர், மலையில் ஒருவர். ஊருக்கே சொல்ல வேண்டியதில்லை. பீலிக்குக் குளிக்கப் போகும்போது கூடப் போவது, விறகு அடுப்புக்கு முன்னால் தனியாக விடாமல் பார்ப்பது, இரவில் ஒரே காம்பராவில் படுப்பது இவர்களின் வேலை. வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் அளவில் திடீரென்று இறந்துபோகிறார்கள், அதிகமாகத் தூக்கத்தில். மாத்திரை தவறாமல் இருப்பதும் இரவில் ஆள் இருப்பதும் அந்த ஆபத்தைக் குறைக்கும். பயமுறுத்த எழுதவில்லை, அக்கம்பக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதை நான் பிந்தித்தான் படித்தேன். கல், கத்தி, அடுப்பு போன்றவற்றைப் பக்கத்தில் இருந்து தள்ளுங்கள். தலைக்கு அடியில் சாக்கோ துணியோ வையுங்கள். கூடைக் கயிறு, கழுத்துத் துணி இருந்தால் தளர்த்துங்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள். இரும்பு வேண்டாம், சாவி வேண்டாம். முடிந்தவுடன் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே போகட்டும். போனில் நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலும், தெளியாமலே இரண்டாவது தடவை வந்தாலும், அடிபட்டிருந்தாலும், தண்ணீரில் விழுந்திருந்தாலும், கர்ப்பிணியாக இருந்தாலும், வாழ்க்கையில் முதல் தடவை என்றாலும் உடனே 1990 க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தமிழிலும் பேசலாம். வண்டி மேலே வராத பாதை என்றால் எந்தச் சந்தி வரைக்கும் வரும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒரு விஷயம். வல்புரோவேட் என்ற மாத்திரை வலிப்புக்கு நல்ல மருந்து, ஆனால் கர்ப்ப காலத்தில் எடுத்தால் 100 பிள்ளைகளில் 10 பிள்ளைகள் அளவில் உடற்குறையோடு பிறக்கலாம், படிப்பிலும் பின்தங்கலாம். இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் தங்கச்சிமாரே, நிறுத்துவதும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. கல்யாணம் பேசும்போதே, பிள்ளை பெறும் எண்ணம் வரும்போதே டொக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றலாமா என்று கேளுங்கள். குடும்ப நல உத்தியோகத்தரிடம் மறைக்க வேண்டாம். கல்யாணத்துக்காக நோயை மறைத்து, மாப்பிள்ளை வீட்டில் மாத்திரையையும் மறைத்து, அதனால் விழுந்த பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

பீலிக்கரையில் பேசிய அக்கா இப்போது இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். கொப்பியை மகன் எழுதுகிறான். கிளினிக்குக்கும் ஒழுங்காகப் போகிறார், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேரை இழந்துகொண்டு. கங்காணிக்கு இன்னும் தெரியாது.

தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிமாரும் இந்த மாத முடிவுக்குள் சங்கக் காரியாலயத்துக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். உங்கள் டிவிஷனில் போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் எது, டிஸ்பென்சரியில் கிடைக்கிறதா, கிளினிக்குக்குப் போய்வர எத்தனை மணித்தியாலம், எவ்வளவு பஸ் காசு, கடந்த ஒரு வருடத்தில் நோயைக் காரணம் காட்டி யாரையாவது வேலையில் இருந்து நிறுத்தினார்களா என்று எழுதுங்கள். எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். நோயாளிகளின் பெயர்களை எழுத வேண்டாம், எங்களுக்கும் அது தேவையில்லை.